இஞ்சியாரும் வராத கோட்டுகளும்

உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள மனிதன் கண்டுபிடித்தவை அநேகம்: நெருப்பு, கம்பளி, கல்யாணம், அடுத்த வீட்டைப் பற்றிய பேச்சு. இவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் குளிர்ந்தே வாழ்ந்த ஒரு பெரிய மனிதரின் சரித்திரம் இது. பெரிய மனிதர் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வதல்ல. அவருடைய படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கும்?

அவருக்கு உத்தியோகம் ஒரு குளிர்கிடங்கில். மீனும் பட்டாணியும் ஐஸ்க்ரீமும் பெட்டி பெட்டியாகக் கல்லாய்க் கிடக்கும் ஒரு பெரிய ப்ரீசர் அறை. அதற்குள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய் அடுக்குவதும், அடுக்கியதை மறுபடி வெளியே தள்ளிக்கொண்டு வருவதும் வேலை. கதவைத் திறந்தால் ரப்பர் பட்டைகள் திரைபோலத் தொங்கும். கடந்து போகும்போது மாட்டு நாக்கு மாதிரி முகத்தை நக்கி அனுப்பும். உள்ளே போனதும் முதலில் விறைப்பது மூக்கு மயிர். அப்புறம் நகக்கண். அப்புறம் மரியாதை. வெளியே ‘வாங்க, போங்க’ என்று பேசிக்கொள்கிறவர்கள்கூட உள்ளே போனால் ‘வா, போ’தான். வாயைத் திறந்தால் பல் கூசும். ஒரு ‘ங்க’ கூடப் போட்டால் அந்த அளவுக்குக் குளிர் கூடவே உள்ளே போகும். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த அறைக்குள் போக பஞ்சு வைத்துத் தைத்த கனமான கோட்டு உண்டு. ஆளுக்கு ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவன் உள்ளே இருக்கும்போது அவனுடைய ஜோடி வெளியே ‘சூட்டறை’ என்ற சின்ன அறையில் உட்கார்ந்து உடம்பைத் தேற்றிக்கொள்வான். உள்ளே இருந்தவன் வந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுப்பான். வெளியே இருந்தவன் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போவான். கோட்டோடு சேர்த்து முந்தையவனின் வியர்வை, மூக்குச்சளி, காலர் மடிப்பில் தங்கிய மூச்சு எல்லாம் கைமாறும். ஒருவனுக்குத் தடுமன் பிடித்தால் ஜோடிக்கும் பிடிக்கும். நிர்வாகம் இதைச் சிக்கனம் என்றது. வேலையாட்கள் இதற்கு வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது.

சூட்டறையில் ஒரு பெஞ்சு. சுவரில் கம்பி சிவக்கும் ஒரு ஹீட்டர். அது செருகியிருக்கும் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அந்த ஒரே ஒரு பிளக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவருக்குக் கோட்டு ஜோடி, அவருடைய மனைவியின் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கியிருந்த அந்த மைத்துனனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவரே. “நம்ம வீட்டுப் பையன் இருக்கட்டும்னுதான் சேர்த்து விட்டேன். வேற எவன் மூக்கையோ நான் ஏன் போட்டுக்கணும்?” என்பார். குடும்பப் பாசம் என்பது இதுதான்.

மனைவிக்கு வேலை ஒரு பெரிய சலவை நிலையத்தில், இஸ்திரிப் பிரிவில். நாள் முழுக்க ஆவியிலும் சூட்டிலும் நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கும் ஓட்டல் திரைகளுக்கும் மடிப்பு வைப்பவள். நாள் முழுக்க வெந்தவளையும் நாள் முழுக்க விறைத்தவரையும் ஒரே அறையில் படுக்க வைத்தது யார் செய்த குறும்போ தெரியாது. அந்த வீட்டில் நடந்த சண்டையெல்லாம் ஒரே ஒரு ஜன்னலைப் பற்றியது.

“ஏங்க, அந்த ஜன்னலைத் திறங்க. வெந்து சாகறேன்.”

“திறந்தா நான் வெறைச்சு சாவேன்.”

“யாராவது ஒருத்தர் செத்துத்தான் ஆகணும்னா, இருங்க, சாப்பாட்டை முடிச்சுட்டு வர்றேன். அப்புறம் யாருன்னு பேசிக்கலாம்.”

மைத்துனன் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டே சிரிப்பான். “மாமா, நீங்க காலை வெளியே நீட்டிட்டுத் தலையை உள்ளே வச்சுக்கங்க. அக்கா தலையை வெளியே நீட்டிக்கட்டும். ஜன்னல் பாதி திறந்தா போதும்.” பிறகு இருமுவான். அவன் சிரிப்புக்குப் பின்னால் ஓர் இருமல் எப்போதும் வால் பிடித்துக்கொண்டே வரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அக்காவைத் தவிர.

இஞ்சி இந்த வீட்டுக்குள் வைத்தியமாக நுழைந்ததற்குக் காரணம் நம்மவரின் மூக்கு. குளிர்காலம் பிறந்தால் அது பழுதான குழாயாகிவிடும். இரவெல்லாம் உறிஞ்சுவார். அவர் தூங்கிவிடுவார், தூக்கம் கெட்டது அவளுக்கு. ஆகவே வைத்தியம் பார்த்ததும் அவளே. கடையில் இஞ்சியை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்து, தோல் சுருங்காத, உடைத்தால் ‘டக்’கென்று முறிகிற துண்டாகப் பொறுக்கி வாங்குவாள். தோலைக் கத்தியால் சீவ மாட்டாள். கரண்டி விளிம்பால் சுரண்டுவாள். நசுக்கித் தண்ணீரில் போட்டு, மூடி வைத்துக் கொதிக்கவிட்டு, இறக்கிக் கொஞ்ச நேரம் அசையாமல் வைப்பாள். அடியில் வெள்ளையாகத் தங்கும் மண்டியைக் கலக்காமல் மேலாக இறுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தேன் விடுவாள். ஒரு டம்ளர். தொண்டை இளகும், நெஞ்சுக்குள் இதமாக இருக்கும், மனிதர் உறிஞ்சாமல் தூங்குவார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவருக்கு அவ்வளவு போதவில்லை. மறுநாள் காலையில் பிளாஸ்க்கை எடுத்து நீட்டினார்.

“கிடங்குக்கும் கொஞ்சம் ஊத்திக் குடு.”

“குடுக்கறேன். ஆனா இது தொண்டைக்கு. அந்த ஐஸ் குகைக்கு இல்ல. அங்க போறதுக்குக் கோட்டுதான் வேணும், தெரியுதா?”

“தெரியும் தெரியும்” என்றார். உலகத்தில் ‘தெரியும்’ என்று இரண்டு தடவை சொன்னவர்களில் யாருக்கும் தெரிந்திருந்ததாகச் சரித்திரம் இல்லை.

சூட்டறை பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் ஊற்றி, ஒரு மிடறு விழுங்கி, ‘ஹா’ என்று ஒரு மூச்சு விடுவார். அந்த ‘ஹா’வில் ஆவி பறக்கும். பக்கத்தில் கை தேய்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதைப் பார்த்தாலே நாக்கு ஊறும். “எனக்கு ஒரு மூடி” என்பான். இத்தனை வருஷ வேலையில் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. ‘கொஞ்சம் தள்ளிக்கங்க’ என்பதைத் தவிர. ஒரு மூடி இஞ்சித் தண்ணீருக்காக மனிதர்கள் தன்னைச் சுற்றி நிற்பதைக் கண்டதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது. வாரம் திரும்புவதற்குள் அவர் இஞ்சியார் ஆகிவிட்டார்.

“இஞ்சியாரே, முட்டி வலிக்கு இதைத் தடவலாமா?”

“தடவலாம். ஆனா குடிச்சா உள்ளேயிருந்து தடவும்.”

“காதடைப்புக்கு?”

“ஆவி புடி.”

“மாமியார் ஊருக்குப் போக மாட்டேங்கறாங்க, அதுக்கு?”

“தேன் விடாம குடு.”

இப்படி ஒரு மனிதர் ஊருக்கு உபகாரமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதோடு விட்டிருந்தால் இந்தச் சரித்திரத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

அந்தக் குளிர்காலத்தில் மைத்துனனின் இருமல் சிரிப்பை முந்திக்கொண்டு வர ஆரம்பித்தது. இவர்களுடைய கோட்டுக்கு ஜிப் போய்விட்டிருந்தது. ஐஸ்க்ரீம் பெட்டி கட்டும் சணல் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள். முடிச்சுக்கு மேலே நெஞ்சு திறந்தே இருக்கும். அக்கா ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்து பார்த்தாள். துணி இற்றுப்போய்த் தையல் நிற்கவில்லை. “கேளுடா தம்பி. எல்லாரும் சேர்ந்து கேளுங்க. ஆளுக்கு ஒண்ணு” என்றாள்.

அவன் கேட்கத் தீர்மானித்தான். ஒவ்வொருவனாகப் பேசி எல்லோரையும் ஒரு சொல்லுக்குக் கொண்டுவந்தான். முதலாளி வருஷத்துக்கு ஒரு முறை கிடங்கைச் சுற்றிப் பார்க்க வருவார். அன்று சூட்டறை வாசலில் அவரை நிறுத்தி ஒரே ஒரு விஷயம் கேட்பது: ஒருத்தருக்கு ஒரு கோட்டு. பேசுவது அவன் மட்டும். மற்றவர்கள் பின்னால் நிற்பது. நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் முதலாளி நடுவில் புகுந்து போய்விடுவார் என்பது அவனுடைய கணக்கு, சரியான கணக்கு.

“மாமா, உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன். அன்னிக்கு வாயத் திறந்துடாதீங்க.”

“நான் ஏன் மாப்ள திறக்கப் போறேன்? பிளாஸ்க்கத்தான் திறப்பேன்.”

“அதையும் திறக்காம இருந்தா நல்லது.”

இஞ்சியாருக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

முதலாளி வந்தார். கழுத்தில் மெத்தென்ற துண்டு, கையில் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் மூக்கு. அன்றைக்கு அவருக்கும் கடுமையான தடுமன். பின்னால் சூப்பர்வைசர், தனக்குத் தடுமன் இல்லாததற்கு வெட்கப்படுகிறவர்போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தார். மைத்துனன் அப்போதுதான் ப்ரீசரிலிருந்து வெளியே வந்திருந்தான். கோட்டைக் கழற்றாமல் கயிற்றுக் கட்டோடேயே முன்னால் வந்து நின்றான். கோட்டின் நிலைமையை முதலாளி கண்ணால் பார்க்கட்டும் என்று. “ஐயா, எங்க எல்லார் சார்பாவும் ஒரு விஷயம்…” என்று ஆரம்பித்தான். ஆரம்பித்ததும் இருமல் வந்தது.

வந்த இருமல் போகவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வந்தது. அவன் ஒரு கையை உயர்த்தி ‘இருங்க, இருங்க’ என்று சைகை காட்டினான். முதலாளி ஓர் அடி பின்னால் போனார். சளி பிடித்த மனிதருக்கு அடுத்தவன் சளியைக் கண்டால் வருகிற அருவருப்பு இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. கண்ணை வேறு பக்கம் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. இஞ்சியார் வாயைத்தான் திறக்கவில்லை; பதற்றத்தில் கை பிளாஸ்க்கைத் திறந்துவிட்டிருந்தது.

“அது என்ன?”

“இஞ்சித் தண்ணிங்கய்யா.”

“எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா? தொண்டை ரொம்பப் படுத்துது.”

இஞ்சியார் வருஷக்கணக்காக அந்தக் கிடங்கில் இருக்கிறார். முதலாளி அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதிலும் கேட்டு வாங்கியது. பிளாஸ்க் மூடியைத் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி குடித்தார். கண்ணில் நீர் வந்தது. ‘ஹா’ என்றார். இஞ்சியாரின் ‘ஹா’ முதலாளி வாயிலிருந்து வந்தது! அதற்கப்புறம் அந்த மனிதரைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? தோல் சுரண்டுவது, மூடிக் கொதிக்கவைப்பது, மண்டியை விடுவது, தேன் சேர்க்கும் பதம் என்று மனைவி செய்வதையெல்லாம் ‘நான்’ போட்டுச் சொன்னார்.

“குளிருக்கு நல்லா தாங்குமா இது?” என்றார் முதலாளி.

“தாங்குமாவா? ஐயா, இது ஒரு மூடி உள்ள போச்சுன்னா அப்புறம் கோட்டே தேவையில்லைங்க!”

இருமல் சட்டென்று நின்றது. ஹீட்டர் கம்பி ‘விண்’ணென்று முனகுவது எல்லோருக்கும் கேட்டது.

சூப்பர்வைசர்தான் முதலில் சுதாரித்தார். “அருமைங்கய்யா. உள்ளேயிருந்தே வர்ற சூடு. வெளியே எதுக்குப் போட்டு மூடணும்?”

முதலாளி இஞ்சியாரின் தோளைத் தட்டினார். “இவரை மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்” என்றார். பிறகு மைத்துனன் பக்கம் திரும்பி, “நீ என்னமோ சொல்லணும்னியே?” என்றார்.

அவன் இஞ்சியாரைப் பார்த்தான். “ஒண்ணுமில்லீங்க. சொல்லியாச்சு” என்றான்.

கோட்டு கேட்டவர்களுக்கு இஞ்சி வந்தது. பித்தளைக் குழாய் வைத்த பெரிய எலெக்ட்ரிக் கொதிகலன் ஒன்றை வேனில் கொண்டுவந்து சூட்டறையில் இறக்கினார்கள். அதைச் செருக வேண்டும் அல்லவா? ஒரே ஒரு பிளக். ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுக் கொதிகலனைச் செருகினார்கள். உடம்பைச் சூடாக்குவதற்கென்று இருந்த அறையில் தண்ணீர் சூடாயிற்று. உடம்புகள் அதைச் சுற்றி நின்று பார்த்தன. ரிப்பன் வெட்டினார்கள். இஞ்சியார் பிளாஸ்க்கோடு சிரிக்கும் படம் பெரிதாக்கப்பட்டுச் சுவரில் ஏறியது. கீழே ‘உள்ளிருந்து வெப்பம்’ என்று எழுதியிருந்தது. கொதிகலனைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். யாரைப் போடுவது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு ஸ்டூலும் கொடுத்தார்கள். கொதிகலனில் முதுகு படுகிற மாதிரி அதைப் போட்டுக்கொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

வீட்டில் செய்தி சொன்னார்.

“கிடங்குல சூடா ஒரு வேலை கிடைச்சிருக்கு. இனிமே ப்ரீசர் இல்ல.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பாடா. தம்பிக்குத்தானே?”

“இல்ல… எனக்கு.”

அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். “தொண்டைக்குன்னு குடுத்தேன். அதை எடுத்துட்டுப் போய் அவன் நெஞ்சை வித்துட்டு வந்திருக்கீங்க” என்றாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். அவர் அதை மூடப் போகவில்லை. அன்றைக்கு அவருக்கு அவ்வளவாகக் குளிரவுமில்லை.

திட்டம் முதல் சில நாள் சிறப்பாக நடந்தது. நல்ல இஞ்சி, நசுக்க ஒரு கல், தேன் பாட்டில்கூட வந்தது. பிறகு தேன் சர்க்கரையாயிற்று. இஞ்சி சுக்குப் பொடியாயிற்று. சுக்குப் பொடி ஒரு சின்னப் பாட்டில் எசென்ஸாயிற்று. அதன் மூடியைத் திறந்து தண்ணீருக்குக் காட்டினாலே போதும் என்று சூப்பர்வைசர் சொன்னார். கடைசியில் மஞ்சளாக ஒரு வெந்நீர். வேலையாட்கள் வரிசையில் நின்று அதை வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது வாசலில் தொட்டியில் இருந்த செடிக்கு ஊற்றினார்கள். செடி பட்டுப்போயிற்று.

“நம்ம எல்லாருக்கும் கோட்டு தச்சுக் குடுத்த மகராசன், வழி விடுங்கப்பா!” என்பார்கள் இஞ்சியார் வந்தால். “அவர் முதுகைப் பாரு, சாஞ்ச இடத்துல வெந்து போயிருக்கும்.” இஞ்சியார் காதில் விழாதவர்போலக் குழாயைத் துடைப்பார்.

மைத்துனன் மட்டும் கேலி பேசவில்லை. புதிதாகச் சேர்ந்த ஜோடியோடு அதே கயிற்றுக் கோட்டில் உள்ளே போய்விட்டு வருவான். ஹீட்டர் இல்லாத சூட்டறையில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்காருவான். உதடு நீலம் பாரித்திருக்கும். இரவில் அவன் கூடத்தில் இருமுவதை உள்ளறையில் இரண்டு பேர் கண்ணைத் திறந்துகொண்டு கேட்பார்கள்.

ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து, முதலாளி வெளியிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார் என்றார். மற்றக் கிடங்குக்காரர்கள், இந்த இஞ்சித் திட்டத்தைக் கண்ணால் பார்க்க வருகிறார்களாம். இஞ்சியார்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் மைத்துனன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, கோவம் இல்ல எனக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் பேசினா இருமல்னு சொல்லி ஒதுங்கிடறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க சொல்லித்தான் போச்சு. நீங்க சொன்னாத்தான் வரும்.”

“என்ன மாப்ள சொல்லணும்?”

“‘இஞ்சி நல்லதுதான், ஆனா கோட்டு வேணும்.’ அவ்வளவுதான்.”

“இவ்வளவுதானா!” என்றார் இஞ்சியார். மனதார ஒப்புக்கொண்டார், அதில் சந்தேகமில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ‘இஞ்சி நல்லதுதான். ஆனா கோட்டு வேணும்.’ இதைவிடச் சின்ன வசனம் எந்த நாடகத்திலும் எந்த நடிகனுக்கும் கொடுக்கப்பட்டதில்லை. வெளியே நின்றிருந்த மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு பரிமாறும்போது இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

குறித்த நாள் காலையில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தவன் கத்தினான்: “கோட்டுடா!” புத்தம் புதுசு. கருநீலம். காலரில் ரோமம் வைத்தது. ஜிப் வெள்ளி மாதிரி மின்னியது. மைத்துனனே அந்தப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஆபீஸ் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். வழியில் இஞ்சியாரைப் பார்த்து, “நீங்க பேசறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு மாமா!” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அன்றைக்கு இருமல்கூட வரவில்லை.

கோட்டுகள் விருந்தாளிகளுக்கு. ப்ரீசருக்குள் கால் நிமிஷம் தலையைக் காட்டப்போகிறவர்கள் குளிரில் நடுங்கலாமா? எல்லோருக்கும் மாட்டிவிட்டபோது ஒன்று மிஞ்சியது. சூப்பர்வைசர் அதை எடுத்து இஞ்சியாரின் தோளில் போட்டார்.

“நீங்கதானே முன்னாடி போகணும்? பேசறப்போ பல்லு தட்டினா வந்தவங்க என்ன நெனைப்பாங்க?”

கைகளை நுழைத்தார். உள்ளே பட்டுபோல ஒரு துணி. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். யாருடைய வியர்வையும் இல்லை, யாருடைய மூச்சும் இல்லை. கொதிகலன் முதுகை மட்டுந்தான் சூடாக்கும். இது மனிதனை முழுசாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. ரப்பர் பட்டைகளை விலக்கிக்கொண்டு ப்ரீசருக்குள் போனார். குளிர் அவரைத் தேடிக்கொண்டு வந்து, அடையாளம் தெரியாமல் திரும்பிப் போயிற்று.

உள்ளே மைத்துனன் மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். புருவத்தில் வெள்ளையாகப் பனி. இடுப்பில் சணல் கயிறு. விருந்தாளிகளில் ஓர் அம்மாள் அவனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“பாவம், இவங்களுக்கெல்லாம் குளிராதா?”

வசனத்துக்கு இதைவிட நல்ல இடம் கேட்டு வாங்கினாலும் கிடைக்காது. முதலாளி இஞ்சியாரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். மைத்துனன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“இஞ்சி நல்லதுதாங்க…” என்றார் இஞ்சியார்.

பாதி வந்துவிட்டது. இன்னும் பாதி தொண்டையில் இருந்தது. தொண்டைக்கு மேல் அந்த ஜிப் இருந்தது. சொன்னால் இந்தக் கோட்டை இங்கேயே, இந்தக் குளிரிலேயே கழற்றச் சொல்வார்கள் என்று ஓர் எண்ணம். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம், வெளியே போய்ச் சொல்லலாம், தனியாகச் சொல்லலாம் என்று இன்னும் சில எண்ணங்கள். எண்ணங்கள் எல்லாம் கதகதப்பாக இருந்தன. வாயை மூடிக்கொண்டார்.

“கேட்டீங்களா! அனுபவஸ்தர் சொல்றார்” என்றார் முதலாளி. விருந்தாளிகள் கை தட்டினார்கள். கையுறை போட்ட கைகள், சத்தமே வரவில்லை. மைத்துனன் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஆபீஸில் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டுப் பூட்டினார்கள், அடுத்த விருந்தாளிகளுக்கு. கோட்டு போன பிறகு வாய் இருந்தது. ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அதற்கப்புறம் அதிக நாள் ஆகவில்லை. மைத்துனன் ப்ரீசருக்குள்ளேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு கெட்டிருக்கிறது, இனிமேல் குளிரில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல நாள் படுத்துக் கிடந்தான். தேறியதும் அக்கா தன்னோடு சலவை நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போய் இஸ்திரியில் சேர்த்துவிட்டாள்.

முதலாளிக்குத் தடுமன் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. கூடவே இஞ்சி ஆர்வமும் சரியாகிவிட்டது. கொதிகலன் அடியில் ஓட்டை விழுந்தது, எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய ஹீட்டரை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. பிளக் மட்டும் சுவரில் இரண்டு கண்ணைத் திறந்துகொண்டு இருந்தது. ஸ்டூலையும் எடுத்தார்கள். இஞ்சியார் பழையபடி ப்ரீசருக்குப் போனார். அவரோடு ஜோடி சேர யாரும் சம்மதிக்கவில்லை. ஆகவே அந்தக் கயிற்றுக் கோட்டு முழுக்க முழுக்க அவருக்கே ஆயிற்று. ‘ஒருத்தருக்கு ஒரு கோட்டு’ என்ற கோரிக்கை அந்தக் கிடங்கில் நிறைவேறியது அவர் ஒருவருக்குத்தான். தினமும் அதை மாட்டிக்கொண்டு தன்னுடைய படத்துக்குக் கீழே நடந்து உள்ளே போகிறார். படத்தில் இருப்பவர் சிரிக்கிறார்.

வீட்டில் இப்போது சூட்டில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர், குளிரில் வேலை செய்கிறவர் ஒருவர். ஜன்னலைப் பற்றிச் சண்டையே வருவதில்லை. அது திறந்தே கிடக்கிறது.

மூக்கு மட்டும் பழையபடி ஒழுகுகிறது. அதற்காக அவள் இஞ்சி வைப்பதை நிறுத்திவிடவில்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அதே மாதிரி நகத்தால் கீறிப் பார்த்து வாங்குகிறாள், கரண்டியால் சுரண்டுகிறாள், மண்டி தங்கக் காத்திருந்து இறுத்து எடுக்கிறாள். டம்ளரைத் தம்பி கையில்தான் கொடுத்து அனுப்புகிறாள். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் அவன் அதை வைக்கிறான். முன்பெல்லாம் வாய் நிறைய ‘மாமா’ என்பான்.

“இஞ்சித் தண்ணி, சார்” என்கிறான். “சூடா இருக்கும்போதே குடிச்சிடுங்க.”